அப்பிள்காரியின் மேசைக்கடியில் ஒரு மனு

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு படித்த எங்களில் பலருக்கு மூன்று ஆண்டுகள் இன்றும் மனப்பாடமாக இருக்கும்: 1832, 1867, 1884. பிரித்தானியப் பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டங்கள் நிறைவேறிய ஆண்டுகள் அவை. முதலாவது சட்டம் நடுத்தர வகுப்பினருக்கு வாக்குரிமை கொடுத்தது, இரண்டாவது நகரத் தொழிலாளருக்கு, மூன்றாவது கிராமத் தொழிலாளருக்கு என்று குறிப்பெடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனோம். புள்ளிகளும் வந்தன. அந்த விடையில் ஒரு சொல் விடுபட்டிருந்ததை நானும் கவனிக்கவில்லை, என் பக்கத்தில் இருந்தவளும் கவனிக்கவில்லை. நடுத்தர வகுப்பு ஆண்கள், நகரத் தொழிலாளர் குடும்பங்களின் ஆண்கள், கிராமத்து ஆண்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, விடுபட்ட அந்தச் சொல்லின் கதையையே எழுதலாமென்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. விக்ரோறியா காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட அந்த முயற்சி ஆசிரியைகளும் அதிபர்களும் சேர்ந்து கட்டுரை வாசித்து விவாதித்த ஒரு சிறு வட்டத்திலிருந்து தொடங்கியது. எங்கள் சங்கத்தைப் போன்றதொரு கூட்டம் அது. கூட்டக் குறிப்பு, சந்தா, தேநீர் எல்லாம் அறிந்தவர்களுக்கு அவர்களை அடையாளம் காண்பது கடினமல்ல.

1832 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னரும் இங்கிலாந்தில் பெண்கள் வாக்களிக்கவில்லை. ஆனால் அது வழக்கம். 1832 இல்தான் வாக்காளர் என்பவர் 'ஆண் நபர்' என்று பாராளுமன்றத் தேர்தல் சட்டமே முதன்முதலில் வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் யோர்க்ஷயரைச் சேர்ந்த மேரி சிமித் என்ற பெண் ஒரு மனு அனுப்பினார். நான் வரி கட்டுகிறேன், சட்டத்தை மீறினால் ஆணுக்குக் கிடைக்கும் தண்டனையே எனக்கும் கிடைக்கிறது, ஆகவே எனக்கும் ஒரு பிரதிநிதியைத் தெரிய உரிமை வேண்டும் என்பது அவருடைய வாதம். ஹென்றி ஹன்ற் என்ற உறுப்பினர் அதைச் சமர்ப்பித்தார். சபை அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டது.

அடுத்து வந்தது தொழிலாளரின் பட்டய இயக்கம். 1838 இல் வெளியான 'மக்கள் பட்டயம்' வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்களிப்பு உட்பட ஆறு கோரிக்கைகளை முன்வைத்தது. 1842 இல் அவர்கள் கொண்டுசென்ற மனுவில் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன. சுருளின் நீளம் ஆறு மைல் என்பார்கள். பாராளுமன்ற வாசலுக்குள் அது நுழையாமல் கதவுச் சட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. பெண்களும் பெருந்தொகையாகக் கூட்டங்களுக்குப் போனார்கள், சங்கம் அமைத்தார்கள், கையெழுத்திட்டார்கள். பட்டயத்தை வரைந்தவர்களில் முக்கியமானவரான வில்லியம் லொவெற் பின்னாளில் தம் சுயசரிதையில் ஒரு விடயத்தைப் பதிந்திருக்கிறார்: முதல் வரைவில் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கப்பட்டிருந்தது. அதைச் சேர்த்தால் ஆண்களுக்குக் கிடைப்பது தாமதமாகிவிடும் என்று சிலர் பயந்தார்கள். எடுத்துவிட்டார்கள்.

இந்த 'இப்போதைக்கு இவர்களை விட்டுவிடுவோம்' என்ற பேச்சை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் கதை முழுவதும் அது வந்துகொண்டே இருக்கும். சொல்பவர்கள்தான் மாறுவார்கள்.

1848 இல் பட்டய இயக்கத்தின் மூன்றாவது மனு போனபோது, ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று சொல்லப்பட்ட கையெழுத்துகளைப் பாராளுமன்ற எழுதுவினைஞர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இருபது இலட்சம்கூட இல்லை. விக்ரோறியா மகாராணியின் பெயரும், யாரோ விளையாட்டுக்கு எழுதிய பொய்ப் பெயர்களும் அதற்குள் கிடந்தன. ஊரே சிரித்தது. மனு என்ற சொல்லுக்கே மதிப்புக் குறைந்துபோன அந்தச் சூழலில்தான் பெண்கள் தங்கள் மனுவை எழுதப் புறப்பட்டார்கள்.

அவர்களில் எமிலி டேவிஸ் என்பவரை நாங்கள் அறியாமலே அறிந்திருக்கிறோம். பாதிரியாரின் மகள். சகோதரர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போக, இவர் வீட்டில் இருக்கவேண்டியிருந்தது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் பாடசாலைச் சிறுவர்களுக்கு நடத்திய உள்ளூர்ப் பரீட்சைகளைச் சிறுமியருக்கும் திறந்துவிட வேண்டுமென்று அவர் விடாப்பிடியாக நின்றார். 1863 டிசெம்பரில் பரீட்சார்த்தமாக ஒருமுறை அனுமதி கிடைத்தது. ஆயத்தத்துக்கு இருந்தவை சில வாரங்களே. 83 சிறுமியர் லண்டனில் எழுதினார்கள். மூத்த பிரிவில் பெரும்பாலோர் எண்கணிதத்தில் தவறிவிட்டார்கள். எமிலி டேவிஸ் இதை மறைக்கவில்லை. கற்பித்தால் தேறுவார்கள், இதுவரை யாரும் ஒழுங்காகக் கற்பிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்றார். 1865 இல் பரீட்சை சிறுமியருக்குத் திறந்தது. பின்னாளில் கடல் கடந்து இலங்கைக்கு வந்து, எங்கள் பாட்டிமார் 'ஜூனியர் கேம்பிறிட்ஜ்', 'சீனியர் கேம்பிறிட்ஜ்' என்று பெருமையோடு சொன்ன பரீட்சை இதுதான். அந்தச் சான்றிதழ்களின் பின்னால் 83 சிறுமியரும் அவர்கள் தவறவிட்ட கணக்குகளும் இருக்கின்றன.

அதே 1865 இல் லண்டனின் கென்சிங்ரன் பகுதியில் சார்லொற் மானிங் என்பவரின் வீட்டில் ஒரு விவாத வட்டம் கூடத் தொடங்கியது. மானிங் பண்டைய இந்தியாவைப் பற்றி நூல் எழுதியவர். எமிலி டேவிஸ் செயலாளர். உறுப்பினர் ஏறக்குறைய ஐம்பது பேர். வட லண்டன் பெண்கள் கல்லூரியை நடத்திய பிரான்சிஸ் பஸ், செல்ற்றனம் பெண்கள் கல்லூரியின் அதிபர் டொறத்தியா பீல், மருத்துவம் படித்த எலிசபெத் கரெற், ஓவியரும் சட்டச் சீர்திருத்தங்களுக்காக எழுதியவருமான பார்பரா பொடிஷோன், தத்துவஞானி ஜோன் ஸ்ருவாட் மில்லின் வளர்ப்பு மகள் ஹெலன் ரெயிலர் எல்லோரும் அதில் இருந்தார்கள். முன்கூட்டியே கேள்விகள் கொடுக்கப்படும், உறுப்பினர் கட்டுரை எழுதி அனுப்புவார்கள், கூட்டத்தில் வாசித்து விவாதிப்பார்கள். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான அதிகாரத்தின் எல்லை எது என்பது போன்ற கேள்விகளோடு தொடங்கியவர்கள், 1865 நவம்பரில் பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை விரும்பத்தக்கதா, ஆயின் எந்த நிபந்தனைகளில் என்ற கேள்வியை எடுத்தார்கள். பெரும்பான்மையோர் விரும்பத்தக்கதே என்றார்கள்.

இங்கே எலிசபெத் கரெற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தாளர் சங்கம் மருத்துவப் பரீட்சைக்குத் தோற்றும் தகுதியை எழுதிவைத்தபோது பெண்களை விலக்க மறந்துவிட்டது. அந்த இடைவெளியால் நுழைந்து அவர் 1865 இல் தகுதி பெற்றார். உடனே சங்கம் விதியை மாற்றிக் கதவை மூடிக்கொண்டது. ஒருத்தி நுழைந்தபின் கதவை மூடும் இந்த வழக்கமும் மறுபடி வரும்.

அதே ஆண்டு மில் வெஸ்ற்மின்ஸ்ரர் தொகுதியில் போட்டியிட்டு வென்றிருந்தார். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று தேர்தலின்போதே வெளிப்படையாகச் சொன்னவர். பொடிஷோனும் எமிலி டேவிசும் குதிரை வண்டியில் விளம்பரப் பலகை கட்டிக்கொண்டு அவருக்காகத் தெருத்தெருவாகப் போனார்கள். 1866 இல் அடுத்த சீர்திருத்தச் சட்டம் பற்றிய பேச்சுப் பாராளுமன்றத்தில் சூடுபிடித்தது. மே மாதத்தில் பொடிஷோன் ஹெலன் ரெயிலருக்குக் கடிதம் எழுதினார்: மனு ஒன்று கொடுத்தால் மில் சமர்ப்பிப்பாரா? நூறு பெயராவது இருந்தால் சமர்ப்பிப்பேன் என்று பதில் வந்தது.

சில வாரங்களில் 1,499 பெயர்கள் சேர்ந்தன. விண்ணப்பத்தின் பிரதிகளைத் தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்புவது, அவர்கள் தங்கள் ஊரில் வாங்கி அனுப்புவது, வந்தவற்றை வெட்டி ஒட்டி ஒரே சுருளாக்குவது என்பதுதான் வேலைமுறை. கணித அறிஞர் மேரி சமர்வில், எழுத்தாளர் ஹரியற் மார்ட்டினோ போன்ற புகழ்பெற்ற பெயர்கள் இருந்தன. கரெற் குடும்பத்தின் ஊரான ஓல்ட்பரோ என்ற கடற்கரைச் சிற்றூரிலிருந்து கடைக்காரிகளும் தையற்காரிகளும் கையெழுத்திட்டார்கள். எலிசபெத்தின் தங்கை மிலிசென்ற் மும்முரமாகக் கையெழுத்துச் சேகரித்தும் தான் கையெழுத்திட வயது போதவில்லை. பிற்காலத்தில் மிலிசென்ற் போசெற் என்ற பெயரில் இயக்கத்தின் தலைமையை ஏற்றவர் அவர்தான். பெயர்களை எழுத்து வரிசையில் முகவரியோடு அச்சிட்டுப் பத்திரிகைகளுக்கும் உறுப்பினர்களுக்கும் அனுப்பினார்கள். 1848 இன் பொய்க் கையெழுத்துகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

ஆனால் மனுவின் வாசகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அக்காலச் சட்டப்படி மணமான பெண்ணின் உடைமை கணவனுடையது. வாக்குரிமையோ உடைமை அல்லது வாடகைத் தகுதியை வைத்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே 'தகுதியுள்ள வீட்டுரிமையாளர் யாவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி' என்று கேட்டாலும் மனைவிமாருக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லி, மணமாகாதவர்க்கும் விதவைகளுக்கும் மட்டும் கேட்கிறோம் என்று எழுதுவதா? எழுதுவதே புத்தி என்பது எமிலி டேவிசின் எண்ணம். குடும்பம் குலைந்துவிடும் என்று அலறுகிறவர்களின் வாயை அடைக்கலாமல்லவா? அந்தச் சொற்கள் மனுவில் இடம்பெறவில்லை. ஆனால் வாதம் அத்தோடு ஓயவுமில்லை. கையெழுத்திட்டவர்களில் எத்தனையோ பேர் மணமானவர்கள். தங்களுக்குக் கிடைக்காத ஒன்றை மற்றவளுக்குக் கேட்டு அவர்கள் பெயரெழுதினார்கள்.

1866 ஜூன் 7 ஆம் திகதி. பொடிஷோனுக்குச் சுகமில்லை. எமிலி டேவிசும் எலிசபெத் கரெற்றும் சுருளை ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்துக்குப் போனார்கள். பெரிய சுருள். மண்டபத்தில் ஆண்கள் வருவதும் போவதுமாக இருக்க, அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க இருவருக்கும் கூச்சம். அங்கே அப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டு, அவருடைய மேசைக்குக் கீழே சுருளை ஒளித்து வைத்துவிட்டு மில்லைத் தேடினார்கள். மில் வந்து பார்த்தபோது மனு அப்பிள்காரியின் காவலில் இருந்தது. அதை எடுத்து வீசிக் காட்டி, இதைக்கொண்டு சபையில் நன்றாகவே பேசலாம் என்று அவர் மகிழ்ந்தாராம். பெண்களின் முதலாவது பெருமனு பாராளுமன்றத்துக்குள் போன விதம் இது. அசல் சுருள் இன்று இல்லை. அச்சிட்ட பெயர்ப் பட்டியலின் பிரதிதான் எமிலி டேவிஸ் தொடக்கிய கேர்ட்டன் கல்லூரியில் இருக்கிறது.

மறு ஆண்டு மே 20 ஆம் திகதி, சீர்திருத்த மசோதாவின் நான்காம் பிரிவில் 'ஆண்' என்ற சொல்லை நீக்கி 'நபர்' என்று போடவேண்டுமென மில் பிரேரித்தார். ஒரே ஒரு சொல். பெண்களைக் காப்பாற்ற ஆண்கள் இருக்கிறார்களே என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் கேட்டவர்களைச் சங்கடப்படுத்தியிருக்கும்: ஆண்டுதோறும் தங்கள் காவலரான ஆண்களாலேயே அடித்தும் உதைத்தும் கொல்லப்படும் பெண்கள் எத்தனை பேரென்று ஒரு கணக்கை இச்சபையில் வைத்தால் தெரியும் என்றார். ஆதரவாக 73 வாக்குகள், எதிராக 196. தோல்விதான். ஆனால் 73 என்ற எண்ணை எதிர்த்தவர்களும் எதிர்பார்க்கவில்லை.

சட்டம் நிறைவேறிய சில மாதங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. மன்செஸ்ரர் நகரில் லிலி மக்ஸ்வெல் என்ற வயதான பெண் பாத்திரக் கடை வைத்திருந்தார். முன்னர் வீட்டு வேலை செய்தவர். கடைக்கு அவர் வரி கட்டினார். வரிப் பட்டியலைப் பார்த்து வாக்காளர் இடாப்பை எழுதிய யாரோ ஒருவர் தவறுதலாக அவர் பெயரையும் சேர்த்துவிட்டார். நகரின் பெண்கள் வாக்குரிமைச் சங்கச் செயலாளர் லிடியா பெக்கர் இதை அறிந்து கடைக்கே போனார். 1867 நவம்பர் 26 ஆம் திகதி நடந்த இடைத்தேர்தலில் லிலி மக்ஸ்வெல் வாக்குச்சாவடிக்குப் போனார். அப்போது இரகசிய வாக்களிப்பு இல்லை. 1872 இல்தான் அது வந்தது. எல்லோர் முன்னிலையிலும் வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டும். இடாப்பில் பெயர் இருந்ததால் தேர்தல் அதிகாரியால் மறுக்க முடியவில்லை. ஜேக்கப் பிரைற் என்று அவர் உரத்துச் சொன்னார். கூடியிருந்தவர்கள் ஆரவாரித்தார்கள்.

லிடியா பெக்கர் இதோடு நிற்கவில்லை. ஒரு பெயர் தவறுதலாக வரலாமென்றால் ஆயிரம் பெயர்கள் உரிமையோடு வரலாமே! பிரித்தானியாவில் 1850 இல் நிறைவேறிய ஒரு சட்டம், சட்டங்களில் ஆண்பாற் சொல் வருமிடத்து வேறுவிதமாகச் சொல்லப்படாவிடில் அது பெண்பாலையும் குறிக்கும் என்று விதித்திருந்தது. அப்படியானால் 1867 ஆம் ஆண்டுச் சட்டத்திலுள்ள 'ஆண்' என்ற சொல்லில் பெண்ணும் அடக்கம்தானே? வரி கட்டும் பெண்களின் வீடுகளுக்குப் போய்ப் பெயரைப் பதியச் சொன்னார்கள். மன்செஸ்ரரில் மட்டும் 5,346 பெண்கள் உரிமை கோரினார்கள். வழக்கு 1868 நவம்பரில் நீதிமன்றத்துக்கு வந்தது. பெண்கள் சார்பில் தோன்றிய சட்டத்தரணிகளில் ஒருவர் றிச்சட் பாங்கேர்ஸ்ற். பின்னாளில் எம்மெலின் பாங்கேர்ஸ்ற்றை மணந்தவர். பிரதம நீதியரசர் பொவில்லும் மற்ற நீதிபதிகளும் ஒத்த குரலில் மறுத்துவிட்டார்கள். இவ்வளவு காலமும் பெண்கள் வாக்களித்ததில்லை, ஆகவே 'ஆண்' என்பது இவ்விடத்தில் ஆண் மட்டுமே என்றார்கள். வரி கட்டச் சொல்லும் சட்டத்தில் அதே சொல் பெண்ணையும் குறித்தது. அதை யாரும் மாற்றவில்லை.

கதவு மூடியது. பக்கத்துக் கதவுகள் சில திறந்தன. 1869 இல் ஜேக்கப் பிரைற்றின் முயற்சியால் வரி கட்டும் பெண்களுக்கு நகரசபைத் தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்தது. மணமான பெண்களுக்கு இது பொருந்தாது என்று 1872 இல் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. 1870 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாடசாலைச் சபைகளை உருவாக்கியபோது, பெண்கள் வாக்களிக்கவும் போட்டியிடவும் இடமிருந்தது. எலிசபெத் கரெற் மேரிலிபோன் பிரிவில் நின்று 47,858 வாக்குகள் பெற்று லண்டன் முழுவதிலும் முதலாவதாக வந்தார். இரண்டாமிடத்துக்கு வந்த விஞ்ஞானி ஹக்ஸ்லி பெற்றவை 13,494. ஒரு வாக்காளர் தமக்குரிய பல வாக்குகளையும் ஒருவருக்கே போடலாம் என்ற முறை இருந்ததால் எண்கள் பெருத்துத் தெரிகின்றன. ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். எமிலி டேவிஸ் கிறீனிச் பிரிவில் வென்றார். லிடியா பெக்கர் மன்செஸ்ரரில் வென்று, 1890 இல் இறக்கும்வரை அந்தச் சபையில் இருந்தார். பாடசாலைக் கட்டடம், சுகாதாரம், பெண்பிள்ளைகள் தைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆண்பிள்ளைகள் படிப்பது என்பவை பற்றியெல்லாம் அவர் கேள்வி கேட்டார். ஆண்பிள்ளைகளும் காலுறை தைக்கக் கற்கட்டுமே என்று சொன்னவர். இந்த அம்மையாரை எனக்குத் தனிப்பட மிகவும் பிடிக்கும்.

அதே 1870 மே மாதத்தில் ஜேக்கப் பிரைற்றின் பெண்கள் வாக்குரிமை மசோதா இரண்டாம் வாசிப்பில் 124 இற்கு 91 என்று வென்றேவிட்டது. எட்டு நாள் கழித்துப் பிரதமர் கிளாட்ஸ்ரன் எதிர்ப்பைக் காட்டவே 94 இற்கு 220 என்று தோற்றது. மகாராணி எந்தப் பக்கம்? பேற்றண்ட் ரசலின் தாயாரான அம்பர்லி சீமாட்டி பெண்ணுரிமை பற்றி மேடையில் பேசினாரென்று கேள்விப்பட்டு, அவருக்கு நல்ல சவுக்கடி கொடுக்கவேண்டும் என்று எழுதியவர் விக்ரோறியா. ஒரு பேரரசையே ஆண்ட பெண், மற்றப் பெண்கள் ஒரு வாக்குப் போடுவதைப் பொறுக்கவில்லை.

மணமான பெண்களைப் பற்றிய பழைய வாதம் 1874 இல் இயக்கத்தையே பிளந்தது. கன்சர்வேற்றிவ் உறுப்பினர் போர்சைத் கொண்டுவந்த மசோதா, மனைவிமாருக்கு வாக்கில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. லிடியா பெக்கர் ஏற்றுக்கொண்டார். முதலில் கிடைப்பதை வாங்குவோம், மற்றது பிறகு என்பது அவர் நிலை. ஜேக்கப் பிரைற்றும் அவர் மனைவி அர்சுலாவும், எலிசபெத் வொல்ஸ்ரன்ஹோமும் எதிர்த்தார்கள். திருமணம் செய்தால் பெண் நபர் அல்லாதவளாகிவிடுகிறாள் என்பதைப் பெண்கள் தாங்களே எழுதிக் கொடுப்பதா என்று கேட்டார்கள். ஒரு தரப்பு நியாயம், மறு தரப்பு துரோகம் என்று எழுதிவிடுவது எனக்குச் சுலபம். ஆனால் பாராளுமன்றக் கதவை இருபது ஆண்டுகள் தட்டிய கை லிடியா பெக்கருடையது. கை நொந்தவர் சிறிய திறப்புக்கும் சம்மதிப்பார். அப்படிச் சம்மதித்தும் அந்த மசோதா நிறைவேறவில்லை. விட்டுக்கொடுத்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

1884 ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது பட்டய இயக்கத்தினரின் பயம் கிளாட்ஸ்ரனின் வாயில் மீண்டும் வந்தது. கப்பல் தாங்கக்கூடிய சரக்கு ஏற்கெனவே ஏற்றியாயிற்று, இதற்குமேல் ஏற்ற முடியாது என்றார். பெண்களைச் சேர்க்கும்படி வூடல் கொண்டுவந்த திருத்தம் 135 இற்கு 271 என்று தோற்றது. பெண்களின் நண்பர்கள் என்று கணக்கிடப்பட்டிருந்த லிபரல் உறுப்பினர் 104 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். சட்டம் நிறைவேறிய பின்னரும் வயதுவந்த ஆண்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் வாக்கின்றியே இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். எஜமான் வீட்டில் தங்கிய வேலைக்காரர், தகப்பன் வீட்டில் இருந்த மகன்மார் போன்றோர் அவர்கள். எங்கள் பரீட்சை விடையில் இதுவும் இருக்கவில்லை.

படித்த பெண்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1889 இல் ஒரு சஞ்சிகையில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்ற வேண்டுகோள் வெளியானது. 104 பெண்கள் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். முன்னின்றவர் நாவலாசிரியை மேரி வார்ட். ஒக்ஸ்போர்ட்டில் பெண்களுக்கான சமர்வில் கல்லூரி உருவாக உழைத்தவர். படிக்கலாம், பாடசாலைச் சபையில் இருக்கலாம், பேரரசின் காரியங்களில் மட்டும் பெண் தலையிடக் கூடாது என்பது அவர் கருத்து. எங்கள் நாட்டவருக்கு இது புதிதல்ல. மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி அமைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார்.

இவற்றுக்கிடையே உள்ளூராட்சியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1894 ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சபைத் தேர்தல்களில் மணமான பெண்களையும் சேர்த்தது. இருபத்தெட்டு ஆண்டு வாதம் அந்த மட்டில் அமைதியாக முடிந்தது. குடும்பங்கள் குலையவில்லை.

நூற்றாண்டின் கடைசியில் மனு எழுதும் கை மாறியது. 1900 மே மாதத்தில் லங்காஷயர் பருத்தி ஆலைகளின் வாசல்களில் எஸ்தர் றோப்பர், ஈவா கோர்-பூத் ஆகியோரின் ஏற்பாட்டில் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். வேலை விட்டு வரும் பெண்கள் தெருவிலேயே நின்று பெயரெழுதினார்கள். 29,359 கையெழுத்துகள். 1901 இல், மகாராணி காலமான சில வாரங்களில், பதினைந்து ஆலைத் தொழிலாளப் பெண்கள் அந்தச் சுருளை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். தரை கூட்டுபவளுக்கும் நூல் நூற்பவளுக்கும் வீட்டுரிமைத் தகுதி ஏது? சொத்துள்ள பெண்ணுக்கு மட்டும் கேட்டால் தங்களுக்கு ஒன்றும் வராது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதன் பின்னர் சிறையும் உண்ணாவிரதமுமாகச் சென்ற கதை எல்லோரும் அறிந்தது. 1918 இல் முப்பது வயது நிரம்பிய, வீட்டுத் தகுதியுள்ள பெண்களுக்கும் அத்தகைய ஆண்களின் மனைவிமாருக்கும் வாக்குக் கிடைத்தது. முதலில் தள்ளிவைக்கப்பட்ட மனைவிமார் இப்போது உள்ளே. இளம் பெண்களும் தங்கியிருந்து வேலை செய்த பெண்களும் 1928 வரை வெளியே. பொடிஷோன், பெக்கர், எலிசபெத் கரெற் மூவரும் அப்போது உயிரோடில்லை. அப்பிள்காரியின் மேசைக்கடியில் சுருளை ஒளித்த இருவரில் எமிலி டேவிஸ் மட்டும் இருந்தார். 1918 டிசெம்பர் தேர்தலில் தம் 88 ஆவது வயதில் அவர் வாக்களித்தார்.

ஒன்பது ஆண்டுகளின் பின் டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்தது. அந்த 1927 இல்தான் இங்கே பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் அமைந்தது. செயலாளர் அக்னஸ் டி சில்வா. அவர்கள் சாட்சியமளிக்கப் போனபோது டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டாரென அக்னஸ் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்கிறீர்களா? லண்டனில் 1838 இலும் 1866 இலும் 1874 இலும் கேட்கப்பட்ட அதே வகைக் கேள்வி இது. இப்போதைக்கு வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தங்களுக்குச் சுலபமாகியிருக்கவும் கூடும். அக்னஸ், நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்றார்.

ஆணைக்குழு பெண்களுக்கு முப்பது வயதென்று சிபாரிசு செய்ய, முடிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொரு வயதென்றே வந்தது. 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் பகிஷ்கரிப்பினால் அவ்வருடம் தேர்தலே நடக்கவில்லை. அங்குள்ள எங்கள் பாட்டிமார் 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகள் போடப்பட்டதால் அவர்களில் ஒரு பகுதியினரின் பெயர்களே இடாப்பில் ஏறின. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபோது, ஏறிய பெயர்களில் பெரும்பாலானவையும் நீக்கப்பட்டன. அக்னஸ் டி சில்வா யாரைக் குறித்து 'அவர்களும் பெண்கள்தானே' என்றாரோ, அந்தப் பெண்களின் பேத்திமாரில் சிலர் குடியுரிமைப் பத்திரத்துக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தார்கள்.